எட்டாம் பக்கத்தோடு நின்ற கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன், நாட்டின் பொருளாதாரம் சரிந்து, கடை கடையாக ஏறி இறங்கினாலும் வெள்ளைக் கடதாசி கிடைக்காத காலத்தில், கண்டி டவுனில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் போட்டோகொப்பிக் கடையொன்றில் வேலை செய்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி இருக்க முடிந்ததற்குக் காரணமானவர்களைப் பற்றியதுதான் இந்தக் கதை.

கடை முதலாளி என் வாப்பாவின் சின்ன வயதுக் கூட்டாளி. அதனால்தான் மடவளையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வேலைக்குப் போக வீட்டில் சம்மதித்தார்கள். வேறு கடை என்றால் உம்மா வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டார். முதலாளி கடையில் வைத்திருந்த முக்கியமான சட்டம் ஒன்று, யாருடைய கடதாசியையும் வாசிக்கக் கூடாது என்பது. காணி உறுதிப் பத்திரம் வரும், விவாகரத்து வழக்கு வரும், ஆஸ்பத்திரி ரிப்போட் வரும். நாம் பார்க்க வேண்டியது ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா, பக்க இலக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும்தான். இரண்டு வருடம் அப்படியே பழகி, எழுத்தைப் பார்த்தாலும் வாசிக்காத கண் எனக்கு வந்துவிட்டது. பக்க இலக்கத்தில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமைக்கு நடுவில் இரண்டு முறைப்பாடுகளும் வந்திருந்தன. ஒரு டீச்சரின் பரீட்சைத் தாளில் கடைசிக் கேள்வி அடியோடு வெட்டுப்பட்டுப் போனது. இன்னொருவருடைய காணி வரைபடத்தைச் சின்னதாக்கி அடித்துவிட்டேன், அவர் அதை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய் அதிகாரியிடம் திட்டு வாங்கி வந்தார். இரண்டாவது தடவை முதலாளி வாப்பாவை வரச்சொல்லி, என்னையும் முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னுமொரு முறைப்பாடு வந்தா, கோவிக்காதீங்க, புள்ளய ஊட்டுலயே வெச்சிக்கொள்ளுங்க."

வீட்டில் இருப்பது என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். உம்மா ஏற்கனவே இரண்டு மாப்பிள்ளைகளின் போட்டோவைக் குர்ஆன் வைக்கும் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். வேலை இருக்கிறது என்ற ஒரு பதிலை வைத்துத்தான் நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கலியாணம் வேண்டாம் என்றில்லை. காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கிற அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் ஓர் அக்கா கடைக்கு வந்தார். மலையகத் தமிழ்ப் பெண், கெலிஓயாவில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. தலைமுடியின் ஒரு பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. கறுப்பு டீசேட்டில் ஊசிகளைக் குத்தியிருந்தார். கூட வந்த சிங்களப் பொடியனின் முடி சேவலின் கொண்டை போல எழும்பி நின்றது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அவர்கள் சொந்தமாகவே கடதாசி கொண்டுவந்திருந்தார்கள். அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் இவர்களுடைய கட்டு ஒரு நிறத்தில் இல்லை. கொஞ்சம் பளிச்சென்ற வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் ஏறியது, கொஞ்சம் ஓரம் சுருண்டது. கூட்டாளிமார் வீடு வீடாகப் போய், ஐந்தும் பத்துமாகச் சேர்த்த தாள்கள். கணக்காக நூற்றி அறுபது. நாற்பது புத்தகம், ஒரு புத்தகத்துக்கு நான்கு தாள், இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், மடித்துத் தைப்பதைத் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார் அந்த அக்கா. சனிக்கிழமை பிலிமத்தலாவையில் ஒரு ஹோலில் அவர்களுடைய பாட்டு நிகழ்ச்சி. அங்கே வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் இந்தப் புத்தகம்.

வெள்ளி காலையில் அந்த மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எட்டுத் தாள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு சின்னப் பக்கங்கள் அருகருகே ஒட்டியிருந்தன. முதல் தாளில் பதினாறாம் பக்கமும் ஒன்றாம் பக்கமும் ஒட்டியிருந்தன. அடுத்ததில் இரண்டும் பதினைந்தும். அதற்கடுத்ததில் பதினாலும் மூன்றும். எனக்குச் சிரிப்பு வந்தது. முடியைச் சேவல் மாதிரி நிறுத்தத் தெரிகிறது, ஒன்றுக்குப் பிறகு இரண்டு என்று ஒட்டத் தெரியவில்லையே என்று நினைத்தேன். போன் நம்பர் தந்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கா தெரியாது பக்க இலக்கம்?

எட்டுத் தாளையும் வெட்டும் மெஷினில் வைத்து நடுவால் வெட்டினேன். ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும் என்று வரிசையாக ஒட்டினேன். எட்டாம், ஒன்பதாம் பக்கங்களுக்குக் குறுக்கே பெரிய படம் ஒன்று கீறியிருந்தது, ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பது போல. அதை வெட்டும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதானே என்று வெட்டினேன். நூற்றி அறுபது தாளையும் முன்னும் பின்னும் அடித்து, ஓரம் தட்டி அடுக்கி வைத்தபோது நல்ல வேலை செய்த திருப்தி.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமானதும் முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஷட்டருக்குக் கீழே குனிந்து நான்கு பேர் உள்ளே வந்தார்கள். அந்த அக்கா, சேவல் முடிப் பொடியன், கூட இன்னும் இரண்டு பேர். அக்கா மேலே இருந்து நான்கு தாளை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்துப் புரட்டினார். பிறகு நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

"தங்கச்சி, இது என்னா ஆச்சு?"

நான் பெருமையோடு, பக்கமெல்லாம் பிழையாக ஒட்டியிருந்தது, நான் திருத்தி அடித்தேன் என்றேன்.  சேவல் முடிப் பொடியன் ஒரு வெறும் துண்டுத் தாளை எடுத்து மடித்து, நான்கு பக்கத்துக்கும் பென்சிலால் இலக்கம் போட்டு, மறுபடி விரித்து என் முன்னால் வைத்தான். நான்கும் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில். மடித்துத் தைக்கிற புத்தகத்துக்கு அப்படித்தான் ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்து அப்பியாசக் கொப்பியை நடுவால் பிரித்துப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். இரண்டு வருடமாகக் கொப்பிக் கடையில் இருக்கிற எனக்கு விளங்கவில்லை.

 நூற்றி அறுபது தாள். எங்கள் கடையில் வாங்கியதென்றால் முதலாளியின் அலுமாரியைத் திறந்து எதையாவது செய்யலாம். இது வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது. கண்டி முழுக்கத் தேடினாலும் நாளைக்கு முன் அவ்வளவு தாள் கிடைக்காது. மூலப் பிரதியையும் வெட்டிவிட்டேன். முதலாளி ஒன்றரைக்கு வந்துவிடுவார். எனக்குக் கண் கலங்கி, "அல்லாஹ்வுக்காக மொதலாளிக்கிட்ட செல்லிப் போடாதீங்க, என்ன ஊட்டுக்கு அனுப்பிருவாங்க" என்று கெஞ்சினேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்க முன்னமே என்னைக் காப்பாற்றச் சொல்லித்தான் கேட்டேன்.

அவர்கள் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக நடந்தது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. நான்கு பேரும் இரண்டு மெஷினுக்கும் நடுவில் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். சேவல் முடி, "நங்கி, வாங்க. பயப்பட வேணாம்" என்றான் அவனுக்குத் தெரிந்த தமிழில். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. நான் அபாயாவைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர்களுடைய வழக்கம் அது. எந்த விஷயமானாலும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே போகக் கூடாது. சரி என்றால் பெருவிரலை மேலே காட்ட வேண்டும். ஒரேயொருவர் கீழே காட்டினாலும் மறுபடி பேச வேண்டும். தலைவர் என்று யாரும் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன கறி என்பதற்குக்கூட ஒருவர் சொன்னால் முடிந்தது. இவர்கள் என்ன இப்படி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பதறினேன்.

ஒருவர் புத்தகமே இல்லாமல் நிகழ்ச்சியை நடத்தலாம் என்றார். ஒருவர் எல்லாத் தாளையும் நடுவால் வெட்டி அடுக்கிப் பார்க்கலாம் என்றார். ஒரு தாளை மட்டும் வெட்டிப் பார்த்தோம். ஒன்றாம் பக்கத்தின் பின்னால் நான்கு இருந்தது, சரிவரவில்லை. பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

"நான்தானே பிழை செஞ்ச. எனக்கு எனத்த செல்ல ஈக்கி?"

"அதுக்காகத்தான் கேக்குறோம். இந்தத் தாள் அம்புட்டையும் கையால தொட்டது நீங்க மட்டுந்தான்."

என் வாழ்க்கையில் அதுவரை ஒரு பிழை செய்த பிறகு யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணெங்கே வைத்திருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இனி என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டது அந்த அக்காதான் முதல்.  கைக்கு வேலை கொடுக்க ஒரு தாளை எடுத்துச் சும்மா மடித்தேன். ஒற்றைத் தாளை மடித்ததும் முன்னால் ஆறு வந்தது. திறந்தால் ஏழும் எட்டும். பின் பக்கத்தில் ஐந்து. இன்னொரு தாளை எடுத்து மடித்தேன். அதிலும் அதே மாதிரி, பின்னால் ஒன்பது, முன்னால் பத்து, உள்ளே பதினொன்றும் பன்னிரண்டும்.

"ஒண்டுக்குள்ள ஒண்டு வெக்காம, தாளத் தனித்தனியா மடிச்சா வரிச சரியா ஈக்கி. பின்பக்கத்தால வாசிக்கத் தொடங்கோணும், அவ்வளவுதான்" என்றேன். சத்தம் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

இதுவரை பேசாமல் இருந்த ஒரு பொடியன் பெருவிரலைக் கீழே காட்டினான். அப்படி மடித்தால் சேர்த்துத் தைக்க முடியாது, தாள்கள் சிதறிவிடும், கடைசியில் ஒரு ஆளின் கையில் நான்கு பக்கம்தான் மிஞ்சும், பாதி வசனத்தில் நின்றுவிடும், யாரும் முழுவதையும் வாசிக்க மாட்டார்கள் என்றான். அது நியாயம்தான். அக்கா கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஒருவருக்கு ஒரு தாள்தான் கொடுப்போம், முழுவதையும் வாசிக்க வேண்டுமென்றால் மற்ற மூன்று தாளும் வைத்திருக்கிறவர்களைத் தேடிப் பிடிக்கட்டும், தெரியாத மூன்று பேரோடு பேசாமல் இதை முடிக்க முடியாது என்று இருக்கட்டும் என்றார். கீழே காட்டிய பெருவிரல் மெதுவாக மேலே திரும்பியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் விரலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று விளங்க எனக்கு ஒரு நிமிஷம் போனது. நானும் காட்டினேன்.

ஐந்து பேரும் மடித்துக்கொண்டிருக்கும்போது ஷட்டர் உயர்ந்தது. தொப்பியோடு முதலாளி. கடைத் தரையில் ஊர் பேர் தெரியாதவர்களோடு நான் சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். அக்கா பேச வாயெடுத்தார். ஆனால் எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. எழும்பி நின்று, நான் இவர்களைக் கேட்காமல் மூலப் பிரதியை வெட்டினேன், எல்லாத் தாளும் பிழையாகப் போனது என்று நானே சொன்னேன். 

முதலாளி ஒரு தாளை எடுத்து, வட்டத்துக்குள் பெரிய A ஒன்று போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தார். நான் அதை ஏதோ பரீட்சையில் கிடைக்கும் 'ஏ' தரச் சித்தி என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய முகம் மாறியது. "இது என்ன கட்சி? பொலிஸ் கேஸ் ஒண்டும் வராதே?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குச் சில வருடங்களுக்கு முன், தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, வீட்டில் அரபு எழுத்துள்ள துண்டுக் கடதாசி இருந்தாலே நாங்கள் பயந்துகொண்டிருந்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அவர் அழுததாக வாப்பா சொல்லியிருக்கிறார்.

"கட்சியெல்லாம் இல்லங்க. யாருக்கும் யாரும் பெரியவங்க இல்ல, மனுசங்க தாங்களாவே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலாம்னு ஒரு எண்ணம். அனார்க்கிசம்னு சொல்லுவாங்க" என்றார் அக்கா.

"அப்ப மொதலாளியும் வேணாமா?"

அக்கா, "ஆமாங்க, அதுவும் வேணாம்னுதான்" என்றார். மழுப்பவில்லை.  முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "அப்ப இவ செஞ்ச பிழைக்கு யாருக்கிட்ட முறைப்பாடு செல்வீங்க?" என்று கேட்டார். அக்கா, "முறைப்பாடு இல்லங்க. பேசி முடிச்சிட்டோம். இப்ப வந்திருக்கிறது நாங்க நெனச்சத விட நல்லா இருக்கு" என்றார். முதலாளி கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "எங்கட கடைப் பேரு மட்டும் எங்கயும் வரப்படாது. புள்ள, அடுத்த முறை கேட்டுட்டு வெட்டு" என்றார். அதோடு முடிந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை.

அக்கா போகும்போது ஒரு தாளை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து முதல் எட்டு வரை உள்ளது. மடவளை பஸ்ஸில், இரண்டு வருடச் சட்டத்தை உடைத்து, ஒருவருடைய கடதாசியை முதன்முறையாக வாசித்தேன். பெரிய பெரிய சொல்லாக இருக்கும் என்று பயந்தேன். இருந்தது எங்கள் கதை. எரிவாயு வரிசையைப் பற்றி எழுதியிருந்தார்கள். விடியச் சாமம் முதல் நின்ற அந்த வரிசைகளை ஒழுங்காக வைத்திருந்தது யார், எந்த அதிகாரி, என்று கேட்டிருந்தார்கள். சிலிண்டரில் சோக்கட்டியால் இலக்கம் எழுதியது யார், தொழுகைக்கும் பன்சலை வழிபாட்டுக்கும் போனவர்களின் இடத்தைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியும். உம்மாவின் சிலிண்டரை அரை நாள் பார்த்துக்கொண்டது முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெண். உம்மா அவருக்காக இன்றும் இறைவனிடம் துஆ கேட்கிறார்.

எட்டாம் பக்கத்தில், நான் வெட்டிய படத்தின் பாதி. அரை வட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடியில் ஒரு கேள்வி. பெரியவர் என்று யாருமில்லாத இடத்தில் ஒருவர் பிழை செய்துவிட்டால் அவரை என்ன செய்வது என்று எல்லோரும் எங்களைக் கேட்கிறார்கள், எங்களுக்குத் தெரிந்த பதில், என்பதோடு பக்கம் முடிந்துவிட்டது.

பதில் ஒன்பதாம் பக்கத்தில். அதை வெட்டிப் பிரித்தது நான். இரவெல்லாம் அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. பிழை செய்த ஆள் நான்தானே.

சனிக்கிழமை கடை அரை நாள். பிலிமத்தலாவையில் வாடிக்கைக்காரர் ஒருவர் பாட்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று வீட்டில் சொன்னதுதான் தாமதம், "நானும் வாரன்" என்று உம்மா அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டார். தடுக்க முடியவில்லை. ஹோலின் வாசலிலேயே சத்தம் எங்களைப் பிடித்துத் தள்ளியது. இரும்புக் கடையில் தகரத்தை வெட்டுகிற மாதிரி ஒரு கிட்டார். அந்த அக்கா மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு தமிழில் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் சேவல் முடி ட்ரம்மை அடி அடி என்று அடித்தான். "எனத்தையன் இந்தச் சத்தம், யா அல்லாஹ்!" என்று உம்மா காதைப் பொத்தினார். வாசலில் நின்றவர் என் கையில் தாள் இருப்பதைக் கண்டு உம்மாவுக்கு மட்டும் ஒரு தாள் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்.

எனக்கு அந்தப் பாட்டு பிடித்ததா என்று கேட்டால் உண்மையில் தெரியாது. சொற்கள் பாதி விளங்கவில்லை. ஆனால் சத்தத்துக்குள்ளே ஒரு கோபம் இருந்தது. அலுமாரி மேல்தட்டில் இருக்கிற போட்டோக்களைப் பற்றி எனக்குள்ளும் அப்படி ஒரு கோபம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு இலேசானது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் நான் அதைக் கவனித்தேன். ஹோல் முழுக்க ஆட்கள் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் ஐந்தா, எனக்கு ஒன்று வேண்டும், பதின்மூன்று யாரிடம் என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். பேராதனையில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் சங்கிலி மாட்டிய இரண்டு சிங்களப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, தாள்களை வரிசையாக விரித்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். என் மடத்தனமான வெட்டு ஒரு ஹோல் நிறைய ஆட்களைப் பேச வைத்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிறகு நானும் தேடினேன். நான்கைந்து பேரைக் கேட்டேன். ஒவ்வொருவரிடமும் வேறு தாள்தான் இருந்தது. சோர்ந்துபோய் உம்மாவிடம் வந்தால், உம்மா தன் தாளை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார். விசிறியின் முனையில் அரை வட்டம்.

"உம்மா, தாங்க அத!"

"வேக்குது மகள்..."

பிடுங்கி, என் தாளோடு பக்கத்தில் வைத்துப் பொருத்தினேன். வட்டம் முழுதானது. நான் வெட்டிய இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி மட்டும். ஒன்பதாம் பக்கத்துப் பாதியில், இரண்டு பேர் ஒதுங்கி நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒருவர் அந்தத் தரையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். அடியில் பதில், ஒரே வரி: நகர்ந்து இடம் கொடுத்து, உட்கார வைத்து, இனி என்ன செய்யலாம் என்று அவரையும் கேட்பது.

இதை எனக்கு முதல் நாளே கடைத் தரையில் செய்து காட்டியிருந்தார்கள். அப்போது நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியதை அப்படியே செய்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அக்கா மேடையிலிருந்து இறங்கி வேர்வையோடு எங்களிடம் வந்தபோது இரண்டு தாளையும் பொருத்திக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "நானும் இப்பிடித்தான் வந்தேன். பாட்டுல ஒரு சொல்லு புரியல, அது என்னான்னு தேடிப் போயி, இங்க வந்து நிக்கிறேன்" என்றார்.

ஒரு மூலையில் மேசை போட்டு, வட்டத்துக்குள் A போட்ட சின்னச் சின்னப் புத்தகங்களை வைத்திருந்தார்கள். வாசித்துவிட்டு வேறொருவருக்குக் கொடு என்பது மட்டும்தான் நிபந்தனை. இரண்டை எடுத்துக்கொண்டேன். பிறகு வந்த மாதங்களில் எவ்வளவோ வாசித்தேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று இல்லை. பெரியவர் யாருமில்லை என்பதில் இறைவனையும் சேர்த்து எழுதியிருந்த இடத்தில் எனக்கும் அக்காவுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. இன்னும் முடியவில்லை. என் பெருவிரல் அதில் கீழேதான். அவர்கள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய புத்தகங்களுக்கெல்லாம் இப்போது பக்கம் ஒட்டுவது நான்தான், பதினாறையும் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

திரும்பி வரும் பஸ்ஸில் உம்மா என் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எரிவாயு வரிசையை வாசித்தார். "இது எங்கட கததானே" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நல்ல புள்ளையள். சத்தந்தான் கூட" என்றார். அந்த வாரம் மாப்பிள்ளைகளைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பேசினார். ஆனால் முதல் தடவையாக, "ஒனக்கு எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் பேசினார். அவர் எதை வாசித்துவிட்டு அப்படிக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

போன மாதம் முதலாளி ஒருவருடைய காணி உறுதியின் மூலப் பிரதியை இன்னொரு வாடிக்கைக்காரரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். உறுதிக்குச் சொந்தக்காரர் கடை அதிரக் கத்திவிட்டுப் போனார். முதலாளி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடம் கடை நடத்தியவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு கதிரையை இழுத்துப் போட்டேன். "இரிங்க மொதலாளி" என்று சொல்லி நானும் முன்னால் உட்கார்ந்தேன். "காலயில யார் யார் வந்த? இனி எனத்த செய்யலாம் எண்டு செல்லுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திச் சொல்லத் தொடங்கினார். பின்னேரத்துக்குள் உறுதி கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு தாளும் இன்றும் என் கைப்பையில் இருக்கின்றன. அந்த அக்காவின் பாட்டு எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் யாராவது பிழை செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், தட்டிக் காட்டிய அந்தத் தரை ஞாபகம் வந்து, என்னை அறியாமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறேன்.